அவரவர் அளவுக்குக் கல்

பங்குனிப் பொங்கலின் கடைசி நாள், கரகம் இறங்கி, முளைப்பாரி கரைத்து, எல்லார் வயிறும் நிறைந்து, பிள்ளைகள் மணலில் உருண்டுகொண்டிருந்த சாயங்காலத்தில், வெளியூரிலிருந்து வந்த மனோவசியக்காரர் ஒருவர் எங்கள் காளியம்மன் கோயில் மேடையில் ஏறி, மைக்கை ஒருமுறை தடவிக்கொடுத்து, "உங்கள் உடம்பு கனக்கிறது, காலிலிருந்து கனக்கிறது, இனிமேல் கல் என்கிற சொல் காதில் விழும்போதெல்லாம் நீங்கள் கல்லாவீர்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் மனிதராவீர்கள்" என்று மேடையில் வரிசையாக நின்ற இளவட்டங்களைப் பார்த்துச் சொன்னார். மைக் என்பது மேடைக்கு மட்டுமில்லை, ஊருக்கே பொது என்பதை அவர் யோசிக்கவில்லை. புளியமரத்திலும் பள்ளிக்கூட மாடியிலும் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர்கள் அவர் குரலைத் தெருத்தெருவாக, வீடுவீடாக, அடுப்படி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஊர் கல்லானது. அவரவர் அளவுக்கு.

எங்கள் ஊர் கல்லுடைக்கிற ஊர். பேரே கல்லுமேடு. பிள்ளை பிறந்ததும் முதலில் கேட்பது சம்மட்டிச் சத்தம்தான். அதனால் பக்கத்தில் நின்றவர் கல்லானதைப் பார்த்து ஒருவரும் அலறி ஓடவில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்கள். "நல்ல சத்தம்யா, உள்ள ஒரு கீறல் கிடையாது" என்று ஒருவர் தன் மச்சினனைத் தட்டிவிட்டுச் சொன்னார். "இது கருப்பு, அந்தா நிக்கிறது சாம்ப" என்று நிறம் பார்த்தவர்களும் உண்டு. மனோவசியக்காரர்தான் வெலவெலத்துப் போனார். மேடையில் நின்றவர்களைப் பேர் சொல்லி எழுப்பினார். மற்றவர்கள் பேர் அவருக்கு எப்படித் தெரியும்? நாங்களே ஒருவரையொருவர் கூப்பிட்டு எழுப்பிக்கொண்டோம். இந்தக் களேபரத்தில் அவர் பஸ் ஏறிவிட்டார். சொல்லைக் கட்டியவர் அவிழ்க்காமல் போய்விட்டார். பிறகு ஆள் போய்த் தேடிப் பிடித்துக் கேட்டதற்கு, "அது விளையாட்டுக்குச் சொன்னது, விடிஞ்சா போயிரும்" என்றாராம். விடிந்தது. போகவில்லை.

காதில் விழுந்தால்தான் ஆகும், எழுதினால் ஆகாது. அதனால்தான் இதை என்னால் எழுத முடிகிறது.

யார் எவ்வளவு ஆவார்கள் என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. அட்சரம் பிசகாமல் பேசும் தலைமையாசிரியர் உச்சந்தலை வரைக்கும் கல்லானார். மூக்குக் கண்ணாடி மட்டும் கண்ணாடியாகவே இருந்தது. பொழுதுக்கும் சாராயத்தில் கிடக்கும் கண்ணுச்சாமிக்குக் கால் பெருவிரல் நகத்தோடு சரி. எங்கள் வீட்டுக்காரர், "மனோவசியமாவது மண்ணாங்கட்டியாவது, மனவுறுதி இருக்கிறவனை ஒருத்தன் என்ன பண்ணிர முடியும்" என்று பீடியை இழுத்துக்கொண்டு சொன்னவர், சொன்ன வாய் மூடுமுன் இடுப்பு வரைக்கும் கல்லாகி, இடுப்புக்கு மேலே அந்த மனோவசியக்காரரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு நின்றார். பயந்தவன்தான் ஆவான் என்றார்கள். பாம்பைக் கையால் பிடிக்கிறவன் கழுத்து வரைக்கும் ஆனான். படித்தவன் ஆகமாட்டான் என்றார்கள். தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சையும் விட்டார்கள். பெரும்பாலான சனம் கணுக்கால், முழங்கால் அளவில் நின்றது. முழுசாக ஆனவர்களும் கொஞ்சம்தான், ஒன்றுமே ஆகாதவர்களும் கொஞ்சம்தான்.

முதல் கொஞ்ச நாள் ஊர் பட்ட பாடு சொல்லி முடியாது. பஸ் கண்டக்டர் "கல்லு எறங்கு, கல்லு!" என்று கத்துவார், எழுந்து நின்றவர்கள் நின்றபடியே ஆகிவிட, பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். வெள்ளையம்மாளின் புருசன் தட்டை எட்டித் தள்ளி, "சோத்துல கல்லுடி!" என்று கையை ஓங்கினான், ஓங்கிய கையோடு நின்றான். வெள்ளையம்மாள் அவனைப் பேர் சொல்லி எழுப்ப முடியாதே, புருசன் பேரைச் சொல்லலாமா? அதனால் மீதிச் சோற்றை நிதானமாகச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, தலைவாரிப் பின்னி, அதற்கப்புறம்தான் பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிட்டுவரப் போனாள். அந்த மதினியும், "இருடி, உலை வச்சிருக்கேன்" என்றாளாம்.

அந்தச் சொல்லைச் சொல்லாமலே பேச வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. எப்படி என்றுதான் ஆண்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரியும். ஒரு பேரைச் சொல்லாமல் ஒரு ஆயுசையே ஓட்டுகிறவர்கள் பெண்கள். என் மாமனார் பேர் சோலைமலை. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து கிழக்கே நிற்கிற மலையை நான் மலை என்று வாயால் சொன்னதில்லை, "கெழக்க நிக்கிற உசரம்" என்பேன். மூத்த மகனுக்கும் அதே பேரை வைத்துவிட்டதால் அவனையும் பெரியவன் என்றுதான் கூப்பிடுவேன். ஆக, ஊர் ஆண்கள் அவனவன் பொண்டாட்டியிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். தோசைக்கல் "வட்டம்" ஆனது. அரிசியில் கிடப்பது "பல்லுக்கு ஆகாதது." குவாரியில் உடைப்பது "சரக்கு." வெளியூர்க்காரர் யார் வந்தாலும் ஊர் முகப்பில் டீக்கடைக்காரர் முதலில் விசயத்தைச் சொல்லிப் புரியவைத்துவிட்டுத்தான் டீயே ஆற்றுவார். சிரிப்பார்கள். "சிரிங்க, ஆனா சொல்லாதீங்க" என்பார்.

பழகிப்போனது. எதுதான் பழகாது? பெண் கேட்டுப் போனால் முன்பு நிலம் கேட்பார்கள், நகை கேட்பார்கள், இப்போது, "பையன் எது வரைக்கும்?" என்றார்கள். "முழங்கால் வரைக்கும்தான், அதுவும் இடது கால் கொஞ்சம் கம்மி" என்று பெருமையாகச் சொன்னார்கள். தலைமையாசிரியர் ஒருநாள் வரப்பில் நடந்துபோகையில் எங்கேயோ யாரோ வாய் தவறிச் சொல்ல அப்படியே நின்றுபோனார். வழியில் போன வெளியூர்ச் சனம் அவருக்கு மஞ்சள் பூசிச் சூடம் காட்டிவிட்டுப் போனது. பேர் சொல்லி எழுப்பியபோது நெற்றி நிறையக் குங்குமத்தோடு, "பெல் அடிச்சாச்சா?" என்றார்.

சிரித்தோம், சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் சிரிக்க முடியாதவர்களும் இருந்தார்கள். பூசாரி மாடக்கண்ணு அண்ணன் மேல் வருசா வருசம் காளி இறங்குவாள். பூக்குழியில் நடப்பார், குறி சொல்வார். அவருக்குக் கணுக்கால் வரைக்கும்தான். ஒரு ஆள் குரலுக்கே கணுக்கால்தான் என்றால், அம்மன் குரலுக்கு மட்டும் எப்படி முழுசாக ஆடினார் என்று ஊர் முணுமுணுத்தது. அவர் ஒருநாள் நான் ஜல்லி உடைக்கிற இடத்துக்கு வந்து குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, இத்தனை வருசம் நான் ஆடினது பொய்யா?"

"யாருண்ணே சொன்னது? நெருப்புல நீங்க நடந்ததை நாங்க பாக்கலையா?"

"நடந்தேன். ஆனா இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு." தரையைக் கீறிக்கொண்டே, "உனக்கு எது வரைக்கும்?" என்றார்.

"எனக்கு நகம்கூட இல்லண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். நான் சம்மட்டியைப் பார்த்தேன். காலையும் மாலையும் விளக்கு வைக்கிறவள், செவ்வாய் வெள்ளி தவறாமல் விரதம் இருக்கிறவள், தாயே தாயே என்று கண்ணீர் விட்டுக் கும்பிடுகிறவள் நான். என் மேல் ஒருநாள்கூட அருள் வந்ததில்லை. உடுக்கைச் சத்தத்தில் சுற்றி நிற்கிற பெண்கள் எல்லாம் தலையை விரித்துப் போட்டு ஆடும்போது, விழுகிறவர்களைத் தாங்கிப் பிடிக்கிற ஆளாகத்தான் நான் நின்றிருக்கிறேன். இப்போது இதுவும் இல்லை. தாயே, என்னில் நுழைய உனக்கு ஒரு வாசல்கூட இல்லையா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்.

என் வயிற்றில் பிறந்த பெரியவன் முழுக் கல்.

ஊர் சொல்கிற காரணம் ஒன்றும் எனக்கு ஒப்பவில்லை, ஆனால் அவன் ஏன் முழுசாக ஆனான் என்று எனக்குத் தெரியும் போலத்தான் இருந்தது. சின்னதில் எறும்புச் சாரையைப் பார்க்க உட்கார்ந்தால் சோறு ஆறி, வெயில் இறங்கி, நான் பக்கத்தில் போய்த் தோளைத் தொடும்வரை அவன் அங்கேதான். கூத்துப் பார்க்கப் போனால் வேசம் கட்டினவன் அழும்போது அழுவான், வீட்டுக்கு வந்தும் அழுவான். எதற்குள்ளேயும் முழுசாகப் போகத் தெரிந்தவன். திரும்பி வருவதற்கு மட்டும் எப்போதும் ஒரு ஆள் வேண்டும்.

முதலில் ஒரு குரலுக்கு வந்தான். பிறகு விடாமல் கூப்பிட வேண்டியிருந்தது. அவன் அப்பா பக்கத்தில் நின்று, "சோலைமலை, ஏய் சோலைமலை" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட, ஊற்றிவைத்த டீ ஆறி ஆடை கட்டும் நேரத்துக்கு மெதுவாக, மனசில்லாமல், இமையிலிருந்து தொடங்கி மனிதனாவான். ஒருநாள் மருமகள் பவளம் என்னைத் தேடி வந்தாள்.

"அத்தை, உங்க மகன் மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னாடி நிக்கிறாரு."

"நிக்கட்டுமே."

"நிக்கிறாருன்னா... நிக்கிறாரு அத்தை."

"யாருடி சொன்னது அந்தச் சொல்லை?"

"யாரும் சொல்லல. அவரே மெல்லமாச் சொல்லிக்கிட்டாரு. நான் என் காதால கேட்டேன்." அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள், அவளுக்கு அது வரைக்கும். "ஒருநா வராமலே நின்னுட்டா நான் என்ன அத்தை பண்ணுவேன்? பூ வச்சுக் கும்பிடவா?"

அன்றைக்கு அவன் எழுந்ததும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். "ஏன்டா இப்படிப் பண்றே?"

"அங்க நல்லா இருக்காத்தா."

"எங்க?"

"உள்ள. கம்ப்ரசர் சத்தம், வெடிச் சத்தம், மேஸ்திரி சத்தம் எல்லாம் கேக்கும். ஆனா ஒண்ணும் நம்மளத் தொடாது."

"அப்பா கூப்பிடுறது கேக்குதா?"

"நல்லாக் கேக்கும்."

"கேட்டும் ஏன் வர மாட்டேங்கிறே?"

அவன் ஒளிக்கவில்லை, பொய் சொல்லத் தெரியாதவன். "வந்துரலாம். வரணும்னு தோணுனாத்தானே" என்றான்.

கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்றால் அவிழ்க்கலாம், பூட்டியிருக்கிறார்கள் என்றால் உடைக்கலாம், வரத் தோணவில்லை என்கிறவனை எதைக் கொண்டு இழுப்பது? ஒன்றுமே ஆகாத என்னால் அவன் போகிற இடத்துக்குப் போய்க் கையைப் பிடிக்கவும் முடியாது. அன்றிலிருந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்தாலே, "டேய்!" என்பேன்.

குவாரியில் முழுசாக ஆகிறவர்களுக்குத் திரி வைக்கிற வேலை கிடையாது என்று மேஸ்திரி பரமன் சட்டம் போட்டிருந்தார். பாறையில் குழி போட்டு, வெடிமருந்து கட்டி, திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு நடந்து வெளியே வருகிறவன் வழியில் நின்றுவிடக் கூடாதே. ஆனால் ஐப்பசி மழை விட்ட ஒருநாள், திரி வைக்கிறவன் குழியெல்லாம் மருந்து கட்டி முடித்த நேரத்தில் குளிர்காய்ச்சலில் வெடவெடவென்று விழுந்துவிட்டான். மருந்து கட்டிய பாறையை அப்படியே விடக் கூடாது. பெரியவனை விட்டால் வேறு யாருக்கும் அந்த வேலை கைவராது. "நான் வைக்கிறேன் மேஸ்திரி, இங்க எவன் அதைச் சொல்லப் போறான்?" என்று பெரியவன் சிரித்தான். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் அவன் இறங்கிவிட்டான்.

"வெடியோய்! வெடி!" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். விசில் ஊதினார். ஜல்லி உடைக்கிற பெண்கள் எல்லாம் தகர மறைப்புக்குப் பின்னால் ஒதுங்கினோம். கீழே பாறை அடியில் அவன் குனிவது தெரிந்தது, புகை எழும்புவது தெரிந்தது, நிமிர்ந்து எங்களைப் பார்த்து நடக்கத் தொடங்கியது தெரிந்தது. ஓடக் கூடாது, ஓடினால் தடுக்கும். நிதானமாக நடந்து வர வேண்டும், அதற்கு நேரம் வைத்துத்தான் திரியை வெட்டுவார்கள். அவன் அப்படித்தான் வந்தான். பாதித் தூரம் வந்திருப்பான்.

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. ஊர் முகப்பு வழியாக வராமல் குளத்துக்கரை வழியாகச் சுற்றி வந்த லாரி, அதனால் டீக்கடையைத் தாண்டவில்லை. டிரைவர் குதித்திறங்கி, சோம்பல் முறித்து, நல்ல வெண்கலக் குரலில், "என்னண்ணே, இன்னைக்காவது கல்லு ஏத்துவீங்களா மாட்டீங்களா?" என்றார்.

பாறை அந்தச் சொல்லை வாங்கித் திருப்பி ஒருமுறை சொன்னது.

மேஸ்திரி விசிலைப் பிடித்த கையோடு கழுத்து வரைக்கும் நின்றார். என் பக்கத்தில் இருந்த பவளம் முழங்காலோடு நின்றாள். கணுக்கால் ஆனவர்கள், இடுப்பு ஆனவர்கள், எல்லாரும் அவரவர் அளவுக்கு நின்றார்கள். நடுவெளியில் பெரியவன் ஒரு காலை முன்னே வைத்தபடி முழுசாக நின்றான். அவனுக்குப் பின்னால் திரி புகைந்துகொண்டிருந்தது.

வாய் இருந்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள். "சோலைமலை! ஏலே சோலைமலை! வாடா!" மேஸ்திரி கத்தினார், பெண்கள் கத்தினார்கள், புருசன் பேர் என்றும் பாராமல் பவளமும் கத்தினாள். அவன் வரவில்லை. ஒருவரையொருவர் பேர் சொல்லி எழுப்பினாலும் மரத்த காலில் ரத்தம் ஓடி ஒரு எட்டு வைக்க நேரமாகும், அவ்வளவு நேரம் அந்தத் திரியில் இல்லை. டிரைவர் ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்; புகையைப் பார்த்து வெடி என்று புரிந்ததும் லாரிக்கு அடியில் நுழைந்துகொண்டார். அந்த இடத்தில் ஓடுகிற கால் என்று மிச்சம் இருந்தது என்னுடையதுதான்.

ஓடினேன். "அத்தை, வேணாம்! அத்தை!" என்று பவளம் கத்துவது கேட்டது. எப்போதும் வாயில் இருக்கிற தாயே என்கிற வார்த்தைகூட எனக்கு வரவில்லை, ஒரு மந்திரம் இல்லை, ஒரு வேண்டுதல் இல்லை, கால் மட்டும்தான் இருந்தது. சரளையில் செருப்புப் போனது. மருந்து வாசம் மூக்கில் ஏறியது. போய் அவன் முன்னால் நின்று இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்தேன். அத்தனை வெயிலிலும் சில்லென்று இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. அதில் பார்வை இல்லை.

"பெரியவனே" என்றேன். "ஐயா" என்றேன். அப்புறம், மாமனார் மன்னிக்கட்டும், நான் பெற்ற பிள்ளையை நான் பெற்றதிலிருந்து முதல்முறையாக, "சோலைமலை" என்றேன். என் வாய்க்கே அது வேறு யாருடைய பிள்ளையின் பேர் போல இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன். அழுதுகொண்டு சொன்னேன், அதட்டிச் சொன்னேன். ஒரு இமை அசையவில்லை.

திரியின் சீறல் மாறியது. பாறைக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

"வராட்டிப் போ" என்றேன். "நானும் இங்கதான் நிக்கிறேன்." அவன் நெஞ்சில் முகத்தை வைத்து, அவன் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக் கட்டிக்கொண்டேன். கண்ணை மூடினேன்.

சத்தம் முதலில் தரை வழியாகத்தான் வந்தது. பிறகு காற்று வந்தது, புழுதி வந்தது, அதற்கும் பிறகு பாறைத் துண்டுகள் வந்தன. அவன் முதுகில் அவை விழுகிற ஒவ்வொரு சத்தமும் அவன் நெஞ்சில் வைத்த என் காதில் ணங், ணங் என்று கேட்டது. எங்கள் இரண்டு பக்கமும் தலை அளவுத் துண்டுகள் வந்து விழுந்து உருண்டு போயின. என் தலைக்கு நேரே வந்த எதுவும் என் மேல் விழவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவன் ஒரு இம்மியும் அசையாமல் நின்றான். புழுதி மெல்ல இறங்கியது. கடைசியாக ஒரு சின்னத் துண்டு எங்கோ உருண்டு ஓய்ந்தது.

அதற்கப்புறம்தான் என் கைக்குள் அவன் சூடானான். மூச்சு வந்தது. முழங்கால் மடிந்து சரிந்தவனைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். சட்டை முதுகுப் பக்கம் கிழிந்து தொங்கியது. தோள்பட்டையில் சில்லுப் பெயர்ந்த இடத்தில் ரத்தம் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. முந்தானையைச் சுருட்டி அதில் அழுத்தினேன். தூரத்தில் ஒருவர் பேரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே ஆட்கள் நொண்டி நொண்டி ஓடி வருவது தெரிந்தது.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சாத்தா." குரல் கரகரவென்று வந்தது. "நீ அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லியே."

"பின்ன ஏன்டா வரல? அப்பவும் தோணலையா?"

"தோணுச்சு. இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் வரணும்னு தோணுச்சு." எச்சிலைக் கூட்டி விழுங்கினான், புழுதியைத் துப்பினான். "வந்துட்டா உனக்கு மறைப்பு ஏது? அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

நான் அவனையே பார்த்தேன். பிறகு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

சதைதான்.